நாள் ஒன்றுக்கு ஐந்து பீப்பாய்

ஜனவரி 9

அன்புள்ள புலிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியில் தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வைத்தாயா, இல்லை மாணவர்கள் பார்த்தால் மானம் போய்விடும் என்று விட்டுவிட்டாயா?

பெண் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதாவது, புத்தகம் திறந்திருக்கிறது. அக்டோபரில் ஒருவழியாக ஃபிரிட்ஜ் வாங்கினோம், உன்னிடம் சொல்ல விட்டுப்போயிற்று. அத்தான் தொட்டால் டீசல் வாசனை ஒட்டிக்கொள்ளும் என்று அவள் அதன் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். டெப்போவில் நாலாம் நம்பர் டாங்கில் ஆறு மாதமாக டீசல் குறைகிறது. லாரிகளுக்கு ஊற்றியது போக இருக்க வேண்டியதற்கும் அத்தான் தினமும் அளந்து எழுதுவதற்கும் நடுவில் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர் காணோம். டாங்க் அடியில் ஒழுகுகிறது என்று அவர் செப்டம்பரிலேயே எழுதிக்கொடுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை. "ஒழுகுதுன்னா எவ்வளவு ஒழுகுது, சொல்லு"ன்னு அவரையே கேட்கிறார்கள். அவருக்கு அளக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அளக்கிறவன் கையில்தான் ஒட்டியிருக்கும் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. இருபத்தாறு வருஷ வேலை, குடியிருக்கிற வீடு, எல்லாவற்றையும் விட அவர் பேர்.

போனில் சொல்லலாம் என்றால், இங்கே கம்பெனி எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் லைன். ஆபரேட்டர் அம்மாளுக்கு நம் வீட்டுக் கதை என்றால் காதில் தேன். அதனால் கடிதம். நம் வீட்டுக் கணக்குப் புலி நீதானே, உன்னால் முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்கா,

நான் நலம். தலையணை வைத்துவிட்டேன், மானமும் போய்விட்டது. இந்தப் பக்கம் காலையில் பனி, கரும்பலகையில் சாக்கட்டி பிடிக்கவில்லை. நீயும் பெண்ணும் அத்தானும் தெம்பாக இருக்க வேண்டும்.

முடியுமா என்று கேட்கிறாய். இருபது வருஷமாக அடுத்தவர்கள் எழுதிய கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். ஒரு நிஜத் தொட்டி, நிஜ ஒழுகல், அதை என்னிடம் கேட்கிற ஒருவர் என்பது இதுதான் முதல் தடவை. இந்த நேரத்தில் சொல்லக்கூடாது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

எனக்கு வேண்டியவை: டாங்கின் குறுக்களவு. ஆறு மாதத்துக்குத் தினமும் எடுத்த ஆழம், மில்லிமீட்டர் வரைக்கும். தினமும் லாரிகளுக்குப் போன லிட்டர். ரயிலில் வந்து நிரம்பிய நாட்கள். டெப்போ மூடியிருந்த நாட்கள். டீசலின் சூடு எழுதியிருந்தால் அதுவும் வேண்டும், சூட்டுக்கு எண்ணெய் விரியும்.

அவ்வளவு பெரிய தொட்டியை யாரும் வாளியால் அளக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிட்டால் மீதி பொறுமைதான். அத்தானை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
புலி

ஜனவரி 30

அன்புள்ள புலிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பல நாளாயிற்று அப்படி. சளிக்கு மருந்து வாங்கிக்கொள், பனியில் வகுப்புக்கு ஓடாதே.

இத்துடன் முப்பத்தொரு தாள். அத்தானின் பாக்கெட் நோட்டிலிருந்து மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஆபீஸ் புத்தகத்தில் இருப்பதுதான், ஆனால் இதில் சூடு, காற்று, "இன்று நாடா வழுக்கியது, இருமுறை அளந்தேன்" என்பதெல்லாம் இருக்கிறது. குறுக்களவு முப்பது மீட்டர்.

அவர் எப்படி அளக்கிறார் என்று உனக்குத் தெரியுமோ? காலை ஆறு மணிக்கு ஐம்பத்தெட்டுப் படி ஏறி, மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டின எஃகு நாடாவை இறக்குவார். குண்டு தரையைத் தொட்டதும் கைக்குத் தெரியுமாம். எடுத்து நனைந்த கோட்டைப் படித்து எழுதுவார். ஒரு நாள் நான் கேட்டேன், "தொட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?" "தூங்கற பிள்ளைய படுக்கையில விட்டா கைக்குத் தெரியும்ல, அப்படித்தான்" என்றார். அந்த மனுஷனைத்தான் திருடன் என்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ஃபிட்டர் மனைவி இப்போதெல்லாம் துணி உலர்த்த நான் உள்ளே போன பிறகுதான் வருகிறாள்.

அத்தான் உன்னிடம் கேட்கச் சொன்னார்: "குழாய், பம்ப், வால்வு, மீட்டர் எல்லாம் எது எங்க இருக்குன்னு ஒரு படம் வரைஞ்சு தரேன். அவளுக்கு வேணுமான்னு கேளு." அவர் படம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கல்யாணப் புதிதில் வீட்டுக்கு வழி வரைந்து கொடுத்தாரே, அப்பா அதைப் பார்த்துச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ரயில் நிலையத்துக்கே வந்து நின்றார். வேண்டுமென்றால் எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 8

அன்புள்ள அக்கா,

சளி இல்லை, பயப்படாதே. நீங்கள் மூவரும் சேர்ந்து சாப்பிட்டீர்கள் என்று படித்தபோது எனக்கும் பசித்தது.

படம் வேண்டாம். எண்களே போதும். அத்தானைச் சிரமப்படுத்தாதே.

நல்ல செய்தி. உன் தாள்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த டாங்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது எழுநூற்று ஏழு லிட்டர். உயரத்தில் ஏறத்தாழ ஒரு நகத்தின் கனம்தான், ஆனால் மூன்றரை பீப்பாய்! நான் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் எடுத்தேன். அன்று டெப்போ மூடல், வால்வு மூடி சீல் வைக்கிறார்கள், ஒரு சொட்டு வெளியே போக வழியில்லை. ஆனாலும் இறங்கியிருக்கிறது. டாங்க் நிரம்பியிருந்த ஞாயிறுகளில் மூன்று மில்லிமீட்டர், அடியில் கிடந்த ஞாயிறுகளில் ஒன்று. மேலே பாரம் அதிகமானால் ஓட்டை வேகமாக ஒழுகும், குறைந்தால் மெதுவாக. ஓட்டை எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படியே நடந்துகொள்கிறது.

அத்தான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அடியில் ஒழுகுகிறது. ஓட்டைக்கு லீவு கிடையாது என்று அவரிடம் சொல், சிரிப்பார்.

இனி வேலை நாட்களைப் போட வேண்டும்.

அன்புடன்,
புலி

பிப்ரவரி 14

அன்புள்ள புலிக்கு,

நலமா? இங்கே நலமோ நலம். உன் கடிதத்தை அத்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். "ஓட்டைக்கு லீவு கிடையாது" என்பதை டெப்போ கேன்டீனில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னவுடன், "இது நான் சொன்னதில்ல, என் மச்சினிச்சி, காலேஜ்ல கணக்கு புரொபசர்" என்று அடிக்குறிப்பு வேறு. பெண்ணிடம், "உன் சித்தி மூளையில கால்வாசி இருந்தா போதும் உனக்கு" என்றார். அவள், "அப்ப உங்க மூளை என்ன ஆச்சு?" என்றாள். அவர், "அதத்தான் உங்கம்மா தினமும் தேடறா" என்றார். எத்தனை நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் இப்படிப் பேச்சு!

விசாரணை மார்ச் 3. நீ எல்லாவற்றையும் ஒரே தாளில், அதிகாரி படிக்கிற மாதிரி, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தபாலில் அவர்களுக்கு அனுப்பினால் எந்த மேஜைக்கு அடியில் போகுமோ.

எனக்கு அதில் ஒன்றும் புரியாது, ஆனால் உன் எழுத்து அந்த மேஜை மேல் இருந்தால் எனக்குத் தெம்பு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

நலம். நலம்தானே?

நீ கேட்ட தாள் இத்துடன். உறையைப் பிரிக்காமல் அப்படியே கொடுத்துவிடு, கசங்கினால் எண்கள் தெரியாது.

இந்த வாரம் விடைத்தாள் திருத்தும் வேலை, அதனால் நீளமாக எழுத முடியவில்லை. ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறதா? அக்டோபரில் வாங்கினீர்கள் என்றாய், இல்லையா? மொத்தமாகக் கொடுத்தா வாங்கினீர்கள்?

பெண்ணுக்கு என் ஆசி.

தங்கை

(உறைக்குள்)

விசாரணை அதிகாரி அவர்களுக்கு. நாலாம் எண் தொட்டியின் ஆறு மாத அளவுகளைப் பரிசீலித்ததில்: மொத்தக் குறைவு 4,12,000 லிட்டர். இதில் தொட்டியின் அடித்தகட்டு ஒழுகலால் போனது ஏறத்தாழ 2,57,000 லிட்டர். இவ்வொழுகல் எல்லா நாட்களிலும் உள்ளது, எண்ணெயின் உயரத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. மீதம் 1,55,000 லிட்டர் வேலை நாட்களில் மட்டுமே குறைந்துள்ளது. நாள் ஒன்றுக்குச் சுமார் ஆயிரம் லிட்டர், அதாவது ஐந்து பீப்பாய். தொட்டி நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் இந்த அளவு மாறவில்லை. ஆகவே இம்மீதத்தைத் தொட்டியின் ஒழுகல் கொண்டு விளக்க இயலாது.

மார்ச் 11

தங்கைக்கு,

மூன்றாம் தேதி அத்தானுடன் நானும் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உறை உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "ஏம்மா, இது உங்க தங்கச்சி எழுதினதா?" "ஆமாங்க சார். காலேஜ்ல கணக்கு புரொபசர். தப்பே வராது" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் சத்தமாகப் படித்தார். "வேலை நாட்களில் மட்டும். ஐந்து பீப்பாய்." நிறுத்தி, அத்தானைப் பார்த்தார். "ஓட்டைக்கு லீவு கிடையாதுன்னு கேன்டீன்ல சொன்னீங்களாமே. அப்ப லீவு எடுக்கறது யாரு?" பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தான்.

அத்தான் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை. கைக்குத் தெரியும் என்பாரே, அந்தக் கையின் விரலை ஒவ்வொரு எண் மேலும் வைத்து. கத்துவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "அவ கணக்கு தப்பாகாது சார். அஞ்சு பீப்பாய் போயிருக்குன்னா போயிருக்கு. நான் எடுக்கல. ஆனா என் டாங்க், என் கையெழுத்து. என் கண்ணு முன்னால எவனோ எடுத்திருக்கான், நான் பாக்காம இருந்திருக்கேன்."

அவர்கள் அதில் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். "என் பொறுப்பில் இழப்பு நேர்ந்ததை ஒப்புக்கொண்டு விலகுகிறேன்." இல்லையென்றால் போலீஸ் என்றார்கள். கையெழுத்துப் போட்டார். உன்னை நம்பிப் போட்டார். எனக்குப் புரியவில்லை, ஒரு மனுஷன் தன்னை விட இன்னொருத்தி கணக்கை நம்புவானா?

ஃபிரிட்ஜ் பற்றிக் கேட்டிருந்தாய். அன்று படித்தபோது அக்கறை என்று நினைத்தேன். அம்மாவின் இரண்டு வளையலை விற்று வாங்கினேன். ஒன்று உன்னுடையது. கேட்காமல் விற்ற கூச்சத்தில்தான் அப்போதே சொல்லவில்லை. போதுமா?

வீட்டைக் காலி செய்ய ஆகஸ்ட் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

உன் உடம்பும் அத்தான் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது.

நான் எந்தப் பெயரையும் எழுதவில்லை. நீயே தாளை மறுபடி படித்துப் பார். இருந்ததைத்தான் எழுதினேன். கணக்குக்கு ஆள் தெரியாது, உறவு தெரியாது. இரண்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரத்தை நாலு லட்சம் என்று எழுதியிருக்க வேண்டுமா? அவர்களிடமும் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார்கள். அப்போது ஒழுகலையே நம்பியிருக்க மாட்டார்கள். முழுப் பழியும் அத்தான் தலையில் விழுந்திருக்கும். ஒரு விதத்தில் அந்தத் தாள் அவரைப் பாதியாவது காப்பாற்றியது.

அவர் எடுக்கவில்லை என்றால் வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது அவர்கள்.

வளையல் விஷயம் எனக்கு ஒன்றுமே இல்லை. அதை ஏன் அப்படி எழுதினாய்?

பதில் எழுது.

தங்கை

ஜூன் 6

அன்புள்ள அக்கா,

பெண்ணுக்கு அனுப்பிய புத்தகப் பார்சல் "பெற்றுக்கொள்ள மறுப்பு" என்று திரும்பி வந்தது. தபால்காரர் என்னைப் பார்த்த பார்வையில் விவரம் எல்லாம் தெரிந்தவர் போல இருந்தார். எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நலமா என்று நாலாவது முறை கேட்கிறேன்.

மார்ச்சில் உனக்கு எழுதியது வக்கீல் எழுதுகிற மாதிரி இருந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாதது நிறைய இருந்தது.

பிப்ரவரி மூன்றாம் வாரம் அந்த ஐந்து பீப்பாய் எனக்குத் தெரிந்துவிட்டது. நிறைந்தாலும் குறைந்தாலும் மாறாமல் தினமும் ஒரே அளவு. ஓட்டைக்கு இத்தனை நிதானம் வராது, மனிதக் கைக்குத்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே உன் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது. வந்ததே, அதுதான் என்னை இப்போது தூங்க விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் யோசிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனேன்.

உன்னிடம் கேட்கத் துணிவில்லை. அத்தானிடம் கேட்க மனம் வரவில்லை. அதனால் முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் சொன்னேன், அதுவும் உன் கையால் கொடுத்து அனுப்பி. உறையைப் பிரிக்காதே என்று எழுதினேனே, அது எண்கள் கசங்கும் என்பதற்காக இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் அத்தான் என் அறையில் இரண்டு நாள் தங்கினார். அவர் போன பிறகு டீசல் வாசனை போகத் தலையணை உறையை இரண்டு தடவை துவைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்த ஜன்னலைத் திறந்தவள்தான் கணக்கையும் போட்டாள்.

ஆனாலும், அக்கா, எங்கே சுற்றினாலும் கணக்கு அங்கேயே வந்து நிற்கிறது. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

தங்கை

ஆகஸ்ட் 4

அன்புள்ள மச்சினிச்சி அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நாலாம் நம்பர் டாங்கைக் காலி செய்து பார்த்தார்கள். அடித்தகட்டில் மூன்று துளை. நீங்கள் சொன்ன கணக்குக்குச் சரியாக இருந்தது. இன்ஜினியரே அசந்துபோனாராம்.

டெப்போ மதில் ஓரமாக டீக்கடை ஒன்று உண்டு. போன மாதம் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி இருக்கு, டீ போட்டா நாலு பேர் துப்பிட்டுப் போறான்" என்றார். முகர்ந்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனால் டாங்க் அந்தப் பக்கம் இல்லை, முன்னூறு மீட்டர் தள்ளி. மதில் ஓரமாக நடந்து பார்த்தேன். ஒரே நேர்க்கோட்டில் புல் கருகிக் கிடந்தது. கடைக்காரரின் கடப்பாரையை வாங்கித் தோண்டினேன். முழங்கால் ஆழத்தில் மண் டீசலில் ஊறியிருந்தது.

டாங்கிலிருந்து லாரி மேடைக்குப் போகும் குழாய் அந்த வழியாகப் பூமிக்குள் போகிறது. அதன் அடிப்பக்கம் துரு தின்றிருந்தது. பம்ப் ஓடினால் மட்டும் அதில் எண்ணெய் இருக்கும், அப்போது மட்டும் பீய்ச்சும். மாலையில் வால்வை மூடினால் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடாது. டாங்கில் எவ்வளவு இருந்தாலும் பம்பின் அழுத்தம் ஒன்றுதான், தினமும் ஓடுவது ஆறு மணி நேரம்தான். அதனால் தினமும் ஐந்து பீப்பாய். லாரிக்கு ஊற்றுவதை அளக்கும் மீட்டர் மேடையில் இருக்கிறது, குழாயின் அந்தக் கடைசியில். நடுவழியில் மண்ணுக்குள் போனதை மீட்டர் பார்க்கவில்லை.

குழாய் நல்ல நிலையில் இருப்பதாக ஆபீசில் இரண்டு வருஷத்துச் சர்டிபிகேட் இருந்தது. அதனால் எனக்கும் தோன்றவில்லை. என் தப்பும் உண்டு.

நான் விலகிய பிறகு ஐந்தாம் நம்பர் டாங்கிலிருந்து ஊற்றினார்கள். குழாய் அதே குழாய். அதிலும் தினமும் ஐந்து பீப்பாய் குறைந்ததாம், ஐந்து மாதம். எனக்குப் பிறகு வந்தவர் எழுதித்தான் வைத்திருக்கிறார். யாரும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் என்னை எதற்கு அனுப்பினீர்கள் என்று கேள்வி வருமே.

உங்கள் கணக்கில் தப்பில்லை. இடம்தான் வேறு. படம் வரைந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன், வேண்டாம் என்றீர்கள். இப்போது வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அதனால் பயன் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அத்தான்

ஆகஸ்ட் 13

அன்புள்ள அத்தான், அக்கா,

உங்கள் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டாங்க், வால்வு, பம்ப், குழாய், மீட்டர். ஐந்தே ஐந்து கட்டம், நடுவில் ஒரு கோடு. பார்த்த அரை நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அரை நிமிஷம், அத்தான்.

மீட்டர் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. முதல் வருஷ மாணவி இந்தக் கேள்வியைக் கேட்காமல் கணக்குப் போட்டிருந்தால் விடைத்தாளைத் திருப்பி எறிந்திருப்பேன்.

இருபத்திரண்டு வருஷமாக "நீ, வா, போ" என்றவர், "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

தலைமை அலுவலகத்துக்குத் திருத்திய தாளை இன்றே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என் தவறு என்று முதல் வரியிலேயே எழுதினேன். வேண்டுமானால் நேரில் வந்து அந்த அதிகாரி முன்னால், அந்தக் கிளார்க் முன்னால், கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். வேலையைத் திருப்பித் தரும்வரை விடமாட்டேன்.

அக்கா, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. வரச் சொன்னால் அடுத்த ரயிலில் வருகிறேன்.

தங்கை

செப்டம்பர் 21

தங்கைக்கு,

படித்தேன். எல்லாக் கடிதத்தையும் படித்தேன். பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி வைத்தேன். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதைத்தான் நலம் என்பார்கள் போலிருக்கிறது.

உன் திருத்திய தாளுக்குத் தலைமை அலுவலகத்தின் பதில் உனக்கும் வந்திருக்கும், எங்களுக்கும் வந்தது. நாலு வரி. "ஊழியர் தாமாகவே பொறுப்பேற்று விலகினார். கோப்பு முடிக்கப்பட்டது." குழாயை மட்டும் மாற்றிவிட்டார்கள். டீக்கடைக்காரருக்குப் புதுக் கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். அத்தான் விலகினபோது நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். குழாயைக் கண்டுபிடித்தபோது ஒன்றும் ஒட்டவில்லை.

வீட்டைக் காலி செய்த அன்று ஃபிட்டர் மனைவி வந்து, "எனக்கு அப்பவே தெரியும்க்கா, அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லன்னு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தும் கொடியில துணி போட வரலியே"ன்னு கேட்டேன். போய்விட்டாள்.

அவர் இப்போது ஒரு லாரி ஷெட்டில் வண்டி வரும் நேரம், போகும் நேரம் எழுதுகிறார். ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குகிறாராம். முதலாளி, "ஏன்யா இவ்வளவு பயம்?" என்று கேட்கிறாராம்.

உன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. "படிச்ச பிள்ள, எண்ணப் பாத்துச்சு, ஆளப் பாக்கல, அவ்வளவுதான்" என்கிறார். ஒரே ஒரு நாள், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

அவரால் மன்னிக்க முடிகிறது. அவரை நீ சந்தேகப்பட்டாய், அதோடு சரி. எனக்கு நீ செய்தது வேறு. என் புருஷனுக்கு எதிரான தாளை என் கையில் கொடுத்து, கசங்காமல் கொண்டுபோ என்றாய். நானும் கசங்காமல் கொண்டுபோனேன், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடக் கூடாதே என்று. தப்பே வராது என்று வேறு சொன்னேன். கணக்குத் தப்பாகப் போயிருந்தால் மன்னித்திருப்பேன். பிப்ரவரியில் உனக்குத் தெரிந்ததும், "அக்கா, எனக்கு அத்தான் மேல சந்தேகமா இருக்கு" என்று ஒரு கார்டு போட்டிருந்தால், உன்னை நான் திட்டியிருப்பேன், ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவர் அன்றைக்கே படத்தை வரைந்து உனக்கு அனுப்பியிருப்பார். இன்னும் டாங்க் மேல் ஏறிக்கொண்டிருப்பார்.

வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்.

இது ஊரைத் தாண்டி, வேறு வீடு. மேல் உறையில் இருப்பது தபால் நிலைய முத்திரைதான், வீட்டு எண் இல்லை. புது முகவரியை நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

முதுகுவலியைப் பார்த்துக்கொள்.

அக்கா